கம்பெனி டீமைப் பார்க்க ஜெர்மனிக்கு

ஜெர்மனிக்கு ஃபுட்பால் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பயர்ன் மியூனிக்கா, டார்ட்மண்டா? நான் போனது லைப்சிக் நகரத்தின் மேற்கே இருக்கிற லாய்ட்ஷ் என்ற பகுதிக்கு. அங்கே பி.எஸ்.ஜி. கெமி லைப்சிக் என்று ஒரு அணி. நாலாவது அடுக்கில் ஆடுகிறது. நம்ம ஊர் டிவியில் ஒரு நாளும் வராது. அதைப் பார்க்க விசா எடுத்து, கண்டம் தாண்டிப் போனேன். ஏன் என்று பலரும் கேட்டுவிட்டார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் அடுக்கு விஷயம். மேலே புண்டஸ்லிகா. 1963-ல் தொடங்கியது, இப்போது 18 அணி. அதன் கீழே இரண்டாம் புண்டஸ்லிகா, அதற்கும் கீழே 2008-ல் வந்த மூன்றாம் லிகா. இந்த மூன்றும் நாடு முழுக்க ஒரே தொடர்தான். நாலாவதில் நாட்டை ஐந்து வட்டாரமாகப் பிரித்துவிடுவார்கள். அதற்கு ரீகியோனல்லிகா என்று பெயர். கெமி ஆடுவது வடகிழக்கு வட்டாரத்தில், அதாவது பெர்லினும் பழைய கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்த பகுதியில். அங்கிருந்து ஐந்து, ஆறு, ஏழு என்று இறங்கிக்கொண்டே போனால், கடைசியில் எங்க ஊர்ப் பக்கத்துத் தேவாரம் பையன்களும் பண்ணைப்புரம் பையன்களும் ஆடுகிற மாதிரி பக்கத்து ஊர் ஆட்டத்தில் போய் நிற்கும். ஆனால் எல்லாம் ஒரே ஏணி. கடைசிப் படியில் நிற்கிற அணி ஜெயித்துக்கொண்டே வந்தால் வருஷத்துக்கு ஒரு படி ஏறலாம். பணம் கட்டி உள்ளே நுழைகிற நம் நாட்டு லீக்குகளைப் பார்த்த எனக்கு இதுவே பெரிய விஷயமாகப் பட்டது.

ஆனால் என்னைக் கெமியிடம் கொண்டுபோய் விட்டது மூணாறு.

என் தாய்மாமா மூணாறில் டீ கம்பெனியில் வேலை பார்த்தவர். எங்க ஊர் பொட்டிப்புரம், தேவாரம், போடிப் பக்கம் எந்த வீட்டை எடுத்தாலும் மலைக்கு மேலே ஒரு ஆள் இருக்கும். ஏலக்காட்டுக்கு விடியற்காலையில் ஜீப் ஏறிப் போய்ப் பொழுது சாய வருகிறவர்கள் ஒரு வகை. தலைமுறை தலைமுறையாக எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்திலேயே குடியிருந்து கொழுந்து எடுத்தவர்கள் இன்னொரு வகை. ஒரு காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனில் இருந்து கம்பிவடத்தில் தொங்கி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியுலகம் போனது. அந்தத் தோட்டங்களை நடத்திய ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்காரர்களுடையது. கிளாஸ்கோக்காரன் எங்கே போனாலும் பந்தும் கூடவே போகும். அப்படித்தான் மூணாறில் ஃபின்லே ஷீல்டு என்ற போட்டி வந்தது. 1940-களில் தொடங்கி இன்றைக்கும் பேசப்படுகிற போட்டி. எஸ்டேட்டுக்கு ஒரு டீம். ஆடுகிறவர்கள் தோட்டத் தொழிலாளிகள், பாக்டரி ஆட்கள், ஆபீஸ் ஊழியர்கள். பெரும்பாலும் தமிழ்ப் பையன்கள்.

மாமாவுக்கு அந்தக் கதை பேச ஆரம்பித்தால் சாப்பாடு மறந்துபோகும். "மாப்ள, காலையில பெரட்டுல பேர் கொடுத்திட்டு மத்தியானம் வரைக்கும் மருந்து அடிப்போம். சாயங்காலம் பந்து. மூணாறு கிரவுண்டுல ஃபைனல்னா லயத்துல ஒரு அடுப்பு எரியாது பாத்துக்க. பொம்பளைக எல்லாம் லாரி ஏறி வந்திரும்." குளிரில், மழைத் தூறலில், அட்டை கடித்த காலோடு ஆடியிருக்கிறார்கள். அவர் எஸ்டேட் ஜெயித்த வருஷத்தை மாமா இன்றைக்கும் என் அம்மா கல்யாணத்தை வைத்துக் கணக்குச் சொல்லுவார். சின்ன வயதில் பொட்டிப்புரத்தில் கபடியும் கிரிக்கெட்டும் ஆடினாலும், எனக்கு ஃபுட்பால் என்றால் மலைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு பெரிய காரியம் என்றே பதிந்துவிட்டது.

இந்த நினைப்போடு வளர்ந்தவன் ஒரு நாள் கிழக்கு ஜெர்மனியின் பழைய கால்பந்து பற்றிப் படித்தேன். பி.எஸ்.ஜி. என்ற மூன்று எழுத்து தொழிற்சாலை விளையாட்டுச் சங்கத்தைக் குறிக்குமாம். எந்தத் துறை செலவு செய்கிறதோ அந்தத் துறையின் பெயர்தான் அணிக்கும். ரசாயனத் தொழிற்சாலை என்றால் கெமி. ரயில்வே என்றால் லோகோமோட்டிவ். இரும்பாலைக்கு ஸ்டால், மின்சாரத்துக்கு டர்பைன், விவசாயத்துக்கு டிராக்டர். யுரேனியம் தோண்டிய விஸ்முட் கம்பெனிக்கு விஸ்முட் என்றே ஒரு அணி. படிக்கப் படிக்க எனக்கு மாமா முகம்தான் வந்தது. இது அப்படியே எஸ்டேட் டீம்! கம்பெனி சம்பளம் கொடுக்கும், சீருடை கொடுக்கும், கிரவுண்டு கொடுக்கும். அப்படியானால் கம்பெனி போனால் அணி என்ன ஆகும்? இதற்குப் பதிலை நேரில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2023 ஜூனில் போடிக்கு அகல ரயில்பாதை திரும்பி வந்ததில் சென்னை போவது சுலபமாகிவிட்டது. சென்னையில் இருந்து ஃபிராங்பர்ட், அங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரச் சொச்சத்தில் லைப்சிக். சித்தி மகள் அங்கே முதுகலை படிக்கிறாள். தங்க இடமும் பேச ஜெர்மன் மொழியும் அவளால் கிடைத்தன. "அண்ணே, ஆர்.பி. மேட்ச் டிக்கெட் வேணும்னா சொல்லுங்க, இங்க எல்லாரும் அதுக்குத்தான் வருவாங்க" என்றாள். வேண்டாம்மா, லாய்ட்ஷுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன்.

அக்டோபர் ஞாயிறு, மதிய ஆட்டம். டிராமில் ஏறும்போதே பச்சை வெள்ளைத் துண்டு கழுத்தில் சுற்றிய ஆட்கள். பாட்டிமார் இருந்தார்கள், தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பாமார் இருந்தார்கள். மைதானத்துக்கு ஆல்ஃப்ரெட் குன்ஸே விளையாட்டரங்கம் என்று பெயர். ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் காடு. உட்கார இடம் கொஞ்சம்தான். மற்ற மூன்று பக்கமும் மேடு போட்டு, படி கட்டி, நின்றுகொண்டே பார்க்கிற இடம். ஆடுகிறவன் மூச்சு வாங்குவது காதில் விழுகிற தூரம். ரொட்டிக்குள் வைத்த வறுத்த சாசேஜ், பீர், தேநீர். கப்புக்கு முன்பணம் வாங்குகிறார்கள். கப்பைத் திருப்பிக் கொடுத்தால் காசு வரும். நிறையப் பேர் அந்தக் காசை வாங்காமல், கப்பையே கிளப்புக்கென்று வைத்திருந்த தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். கதவில் டிக்கெட் கிழித்தவர், சாசேஜ் புரட்டியவர், கூட்டத்தை ஒழுங்கு செய்தவர் என்று தங்கச்சி விசாரித்தவரை எல்லாருமே சம்பளம் இல்லாமல் வேலை செய்கிற உறுப்பினர்கள்.

ஆட்டம் முரட்டு ஆட்டம். பந்து மேலேயே பறந்தது. முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. வடக்கு மேட்டில் நின்ற இளவட்டங்கள் ஒரு நொடிகூடப் பாட்டை நிறுத்தவில்லை. தொண்ணூறு நிமிஷமும் கொட்டு, கொடி, பாட்டு. இரண்டாம் பாதியில் கார்னரில் இருந்து வந்த பந்தைக் கெமி பையன் ஒருவன் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினான். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் சமனில் முடிந்தது.

அந்தப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஆட்டம் முடிந்த பிறகும் கிளம்பாமல் எங்களோடு நின்று பேசினார். தங்கச்சி நடுவில் நின்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் பேசியது பெரும்பாலும் 1964 பற்றி. அந்தக் கதை ஏற்கெனவே எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மேட்டில் நின்று கேட்டது வேறு.

1963-ல் கிழக்கு ஜெர்மனி அதிகாரிகள் லைப்சிக் கால்பந்தை மாற்றி அமைத்தார்கள். அப்போது நகரத்தில் இருந்த இரண்டு பெரிய அணிகளின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்து எஸ்.சி. லைப்சிக் என்று ஒரு அணி செய்தார்கள். அரசின் செல்லப் பிள்ளை அதுதான். தேறாது என்று கழித்துவிட்டவர்களை லாய்ட்ஷுக்கு, கெமிக்கு அனுப்பினார்கள். 'லைப்சிக்கின் மிச்சம்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. அந்த மிச்சத்துக்குப் பயிற்சியாளர் ஆல்ஃப்ரெட் குன்ஸே. பதினான்கு அணிகள் ஆடிய தொடரில் கெமி கீழே இறங்கும் என்றுதான் கணித்தார்கள். 1964 மே 10, கடைசி ஆட்டம் எர்ஃபுர்ட்டில், டர்பைன் அணியுடன். லைப்சிக்கில் இருந்து ஆயிரக்கணக்கான பேர் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து போனார்கள். கெமி இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்து நாட்டின் சாம்பியன் ஆனது. பொறுக்கி எடுத்த அணி பின்னால்தான் வந்தது. அந்தக் கெமி அணியில் கோல் அடித்துக் குவித்த பெர்ன்ட் பௌக்‌ஷ்பீஸ் பிறகு எலும்பு மருத்துவர் ஆனவர். நம்ம பெரியவர் அப்போது பள்ளிக்கூடப் பையன். அப்பாவோடு எர்ஃபுர்ட் போயிருக்கிறார். ரயிலில் இடம் இல்லாமல் வழியெல்லாம் நின்றுகொண்டே போன கதையை அவ்வளவு நேரம் சொன்னார்; கோல்களைப் பற்றி இரண்டே வாக்கியம்தான்.

இதுவரை சந்தோஷக் கதை. நான் தேடிப் போன கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது.

1989-ல் சுவர் விழுந்தது. கிழக்கின் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆலை போனதும் ஆலை பெயரில் இருந்த அணிகளுக்குச் சோறு போட ஆள் இல்லை. 1991-ல் இரண்டு நாட்டுக் கால்பந்தையும் சேர்த்தபோது கிழக்கில் இருந்து முதல் அடுக்குக்குப் போனது இரண்டே அணி, ரோஸ்டாக்கும் டிரெஸ்டனும். லாய்ட்ஷில் கெமி 1990-ல் இன்னொரு அணியோடு சேர்ந்து சாக்சன் லைப்சிக் என்று பெயர் மாறியது. கடன் மேல் கடன். 2011-ல் அந்தக் கிளப் ஒரேயடியாகக் கலைந்தது. அதற்கு முன்பே ரசிகர்கள் வேறு வழி பார்த்துவிட்டார்கள். பி.எஸ்.ஜி. கெமி என்ற பழைய பெயரில் தாங்களே சங்கம் வைத்து, 2008-ல் ஏணியின் அடிப்படியில் இருந்து ஆட ஆரம்பித்தார்கள். நாலாவது அடுக்குக்கு வந்தது 2017-ல். 2018-ல் ஜெர்மன் கோப்பை முதல் சுற்றில், இரண்டாம் புண்டஸ்லிகாவில் ஆடிக்கொண்டிருந்த ரீகன்ஸ்பர்க் அணியை இதே மைதானத்தில் 2-1 என்று தோற்கடித்தார்கள். மின்விளக்குக் கம்பம்கூட ரொம்ப காலம் இல்லை. அதற்கும் ரசிகர்கள் காசு சேர்த்தார்கள்.

அதே ஊரில் எதிரி அணி லோகோமோட்டிவ் கதையும் இதற்குக் குறைந்தது இல்லை. 1987-ல் ஏதென்ஸில் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை இறுதிப் போட்டி வரை போய், வான் பாஸ்டன் அடித்த ஒரே கோலில் அயாக்ஸிடம் தோற்ற அணி. அதுவும் திவாலாகி, 2003-ல் ரசிகர்கள் புதிதாகப் பதிவு செய்து, கடைசி அடுக்கில் இருந்து தொடங்கினார்கள். 2004-ல் பக்கத்து ஊர் ஒன்றின் இரண்டாம் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு 12,421 பேர் வந்தார்கள். கடைசி அடுக்கு ஆட்டத்துக்கு! லாய்ட்ஷில் நின்றுகொண்டு இந்தப் பெருமையைச் சத்தமாகச் சொல்லிவிடக் கூடாது. நான் தங்கச்சி காதில்தான் சொன்னேன்.

ஆர்.பி. லைப்சிக்கும் இதே நகரம்தான். 2009-ல் ஒரு பானக் கம்பெனி பக்கத்து ஊர் அணியின் இடத்தை வாங்கித் தொடங்கியது. ஏழே வருஷத்தில் புண்டஸ்லிகா. ஆட்டம் அழகாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் சில பத்துப் பேரைத் தாண்ட மாட்டார்கள். ஜெர்மனியில் 'ஐம்பது கூட்டல் ஒன்று' என்று ஒரு விதி 1998 முதல் இருக்கிறது. கிளப் கம்பெனியாக மாறினாலும், பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும். உறுப்பினர்களையே சில பத்துப் பேராக வைத்துக்கொண்டால் விதியின் எழுத்து பிழைக்கும், உயிர் பிழைக்குமா என்று லாய்ட்ஷ்காரர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயம் என்றே நான் நினைக்கிறேன். கெமியில் சந்தா கட்டுகிற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது பொதுக்கூட்டம். அந்தப் பெரியவருக்கும் ஓட்டு உண்டு, வடக்கு மேட்டில் கொட்டடித்த பெண்ணுக்கும் உண்டு.

இதைக் கேட்டபோது மூணாறை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஃபின்லேக்குப் பிறகு வந்த டாட்டா டீ 2005-ல் மூணாறுத் தோட்டங்களை விட்டு விலகியபோது, கே.டி.ஹெச்.பி. என்ற புதுக் கம்பெனி வந்தது. அதில் 12,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குப் பங்கு. பெரும்பான்மைப் பங்கே ஊழியர்களுடையது. நாடே பாராட்டிய ஏற்பாடு. ஆனால் 2015 செப்டம்பரில் அதே பங்குதாரர்கள், கொழுந்து எடுக்கிற பெண்கள், இருபது சதவீத போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது. பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்து, தொழிற்சங்கத் தலைவர்களையே அண்டவிடாமல், அவர்களாகவே நடத்திய போராட்டம். பங்குப் பத்திரம் கையில் இருந்தது, பேச்சுக்கு மதிப்பு இல்லை. சொந்தம் என்று காகிதத்தில் இருப்பது வேறு, கூட்டத்தில் கை தூக்கினால் எண்ணப்படுவது வேறு. லாய்ட்ஷில் நான் பார்த்தது இரண்டாவது.

எங்க ஊருக்கும் இது தெரிந்த வலிதான். பொட்டிப்புரம் என்று தேடினால் வருவது நியூட்ரினோ ஆய்வகம். அம்பரப்பர் மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பில் கருவி வைக்கிற திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 1,500 கோடி ரூபாய். பிறகு வழக்குகள், தடை. 2022-ல் தமிழ்நாடு அரசே வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அறிவியலுக்கு நான் விரோதி இல்லை. ஆனால் அந்த மலையடியில் ஆடு மேய்க்கிறவர், மானாவாரியில் மொச்சை விதைக்கிறவர் எல்லாம் முதலில் கேட்டது ஒன்றுதான்: எங்களை யாரும் முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசவில்லையே? ஒரு கால்பந்து மைதானத்துக்கு விளக்குப் போடுவதற்கே கூட்டம் கூட்டிப் பேசுகிற ஊரைப் பார்த்துவிட்டு வந்தபிறகு அந்தக் கேள்வி எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விவரம். ஆட்டப் பருவம் ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ தொடங்கி மே வரை. டிசம்பர் பாதிக்குமேல் ஜனவரி கடைசி வரை பனிக்கு இடைவேளை விடுவார்கள், அப்போது போகாதீர்கள். பெரிய லீக் டிக்கெட்டுக்கு அலைய வேண்டியதுபோல இங்கே அலைய வேண்டாம். பெரும்பாலான ஆட்டத்துக்குச் சாதாரணமாகக் கிடைத்துவிடும். கெமியும் லோகோமோட்டிவும் மோதுகிற நாள் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்குப் போலீஸ் கெடுபிடியும் அதிகம், குடும்பத்தோடு போகிறவர்கள் வேறு நாள் பாருங்கள். நின்று பார்க்கிற டிக்கெட்டே எடுங்கள். அணியின் நிறத்தில் ஒரு துண்டு வாங்கிச் சுற்றிக்கொள்ளுங்கள், பேச ஆள் தானாக வரும்.

திரும்பி வந்ததும் மாமாவிடம் எல்லாம் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தி, "அங்க சங்கம் பதியணும்னா எத்தனை பேர் வேணும்?" என்று கேட்டார். ஏழு பேர். ஜெர்மன் சிவில் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நம்ம தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-லும் ஏழு பேர்தான். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பறம் என்னத்துக்குப்பா உக்காந்திருக்கோம்?" என்றார்.

ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் பொம்பளப் பிள்ளைகள், பள்ளிக்கூட அணியில் ஆடினவர்கள். ஆடுவதற்கு நாங்கள் பார்த்து வைத்திருப்பது ஊருக்கு மேற்கே இருக்கிற புறம்போக்கு. கல்லும் கருவேலமுமாகக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து பயன்படுத்த அனுமதி கேட்டு மனு எழுதியாகிவிட்டது. ஜனவரி 26 கிராம சபையில் வைக்கிறோம். யாருக்கு ஆட்சேபம் இருந்தாலும் அங்கேயே சொல்லட்டும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தேவாரம், பண்ணைப்புரம், கோம்பைப் பக்கம் இருந்து சேர விருப்பம் உள்ளவர்களும் வாங்க.